கொட்டையோடு இருக்கும் பருத்தியிலிருந்து போர்வைக்குப் பஞ்சு: கையால் செய்தவர்கள் வழி சொல்லுங்கள்

செல்வி தையல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் இருபது பருத்திச் செடி வைத்திருந்தேன். இரண்டு பருவமாகக் காய் வெடிக்க வெடிக்கப் பறித்துச் சேர்த்ததில் ஒரு துணிப்பை நிறைந்துவிட்டது. நேற்று நிறுத்தேன், கொட்டையோடு ஒன்றரைக் கிலோ. இதை உள்ளே வைத்து அம்மாவுக்கு ஒரு போர்வை தைக்க வேண்டும். மேல்துணி தயார். ஒட்டுத்துணிகளை இணைத்து 150க்கு 180 சென்டிமீட்டர் அளவில் தைத்து முடித்துவிட்டேன். கீழ்த்துணியும் வெட்டியாகிவிட்டது. நடுவில் வைக்கும் பஞ்சில்தான் வேலை நின்றுவிட்டது.

சுருளாக விற்கும் பஞ்சு விரிப்பை வாங்கி வைத்துத் தைத்துவிடு என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. வெளிர் மஞ்சளாகப் பூத்து மறுநாளே இளஞ்சிவப்பாக மாறிய பூவிலிருந்து பார்த்து வந்த பஞ்சு இது.

ஒரு கைப்பிடி எடுத்துக் கொட்டையைப் பிய்த்தேன், விரலால் உதிர்த்தேன், இரண்டு துண்டுத் துணிக்கு நடுவே பரப்பினேன். சுற்றிலும் தைத்து, நடுவில் ஒரு பெருக்கல் குறி போலத் தையல் போட்டு, துவைத்துக் காயவைத்தேன். காய்ந்த பிறகு கையில் எடுத்தால் ஒரு மூலையில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. நடுவில் வெறும் துணி, வெளிச்சம் தெரிகிறது. எங்கே தப்பு செய்தேன்?

---

கைராட்டை எழுதியது:

செல்வி, இரண்டு இடத்தில் தப்பு. பஞ்சு பிரியவே இல்லை, அது ஒன்று. தையல் போதவில்லை, அது இன்னொன்று. முதலில் முதலாவதைப் பார்ப்போம்.

கொட்டையிலிருந்து பிய்த்த பஞ்சு பார்வைக்குப் பூ மாதிரி இருக்கும். உள்ளே இழைகள் கொத்துக் கொத்தாக, கொட்டையில் ஒட்டியிருந்த அதே குஞ்சமாகவே இருக்கும். விரலால் உதிர்த்தால் பெரிய குஞ்சம் சின்னக் குஞ்சமாகும், அவ்வளவுதான். ஒரு குஞ்சத்துக்கும் பக்கத்துக் குஞ்சத்துக்கும் பிடிப்பு கிடையாது. துவைத்தால் தனித்தனியாக உருண்டு ஒரு மூலைக்குப் போய்ச் சேர்கிறது.

நான் நூற்பதற்குப் பயன்படுத்தும் கம்பிச் சீப்புகளையே போர்வைக்கும் பயன்படுத்துகிறேன். ஒரு ஜோடி பலகை, முகத்தில் வளைந்த மெல்லிய கம்பிகள். வாங்கும்போது கம்பளிக்கானதா பருத்திக்கானதா என்று கேட்டு வாங்குங்கள். பருத்திச் சீப்பில் கம்பி மெல்லியதாக, நெருக்கமாக இருக்கும். கம்பளிச் சீப்பில் பருத்தியைப் போட்டால் பாதி பிரியாமலே வழுக்கிப் போகும்.

இடது கைப் பலகையில் மூன்று கிராம் போலப் பஞ்சைப் பரப்புங்கள். அடியில் உள்ள கம்பி மங்கலாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அதிகம் வைத்துவிட்டீர்கள். வலது பலகையை அதன்மேல் மிதக்கவிட்டது போல இழுங்கள். கம்பியும் கம்பியும் உரசும் சத்தம் வந்தால் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். நான்கைந்து இழுப்பு. பிறகு பஞ்சை முழுதாக அந்தப் பலகைக்கு மாற்றி மறுபடி நான்கைந்து. அப்படி இரண்டு அல்லது மூன்று முறை மாற்றினால் போதும். கடைசியில் பஞ்சைக் கிளப்பி எடுத்தால் புகைமாதிரி ஒரு சின்னச் செவ்வகம் கையில் வரும். நூற்பதென்றால் அதைச் சுருட்டிப் பட்டையாக்குவோம். போர்வைக்குச் சுருட்டக் கூடாது, தட்டையாகவே அடுக்கி வையுங்கள்.

இன்னும் நன்றாக வரட்டும் என்று பத்துத் தடவை சீவிவிடாதீர்கள். இழை அறுந்து, குண்டூசித் தலை அளவில் முடிச்சுகள் விழும். அந்த முடிச்சை எதைக் கொண்டும் திரும்பப் பிரிக்க முடியாது.

---

பழைய வில் எழுதியது:

அம்மா, உங்கள் மூலைக் கட்டியைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா வில்லடித்துப் பஞ்சு கொட்டியவர். பதினைந்து வயது வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பிறகு நானும் சில வருடம் அடித்தேன்.

சீப்பில் சீவுவது நூலுக்குச் சரி. போர்வைக்கு வில்தான் என்பது என் எண்ணம். ஆள் உயரத்துக்கு வில் இருக்கும். மேலே ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பதால் பாரம் கையில் இறங்காது. நாண், முறுக்கிய நரம்பு. பஞ்சுக் குவியலின் மேல்தோலில் நாண் பட்டும் படாமலும் நிற்க, கொட்டாப்புளியால் நாணைத் தட்டி விட வேண்டும். நாண் அதிரும்போது குஞ்சத்துக்குள்ளே புகுந்து இழை இழையாகத் தூக்கி முன்னால் வீசும். தூசியும் இலைத்துகளும் கனமானவை, அடியிலே விழுந்துவிடும். பஞ்சு மட்டும் முன்னால் போய்ப் படியும். அடித்து முடித்த குவியலில் கையை வைத்தால் எங்கே பஞ்சு தொடங்குகிறது என்றே கைக்குத் தெரியாது.

அப்பா நாணின் சத்தத்தைக் கேட்டே பஞ்சு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார். காய்ந்த பஞ்சில் நாண் கணீரென்று பேசும். ஈரப் பஞ்சில் தொண்டை கட்டியது போலக் கேட்கும். நாணில் பஞ்சு சுற்றிக்கொள்கிறது என்றால் ஒன்று நாண் தளர்ந்திருக்கிறது, இல்லை பஞ்சு காயவில்லை. அதனால் அடிப்பதற்கு முன் இரண்டு மணி நேரமாவது நல்ல வெயிலில் விரித்து வையுங்கள். சூடு ஆறுவதற்குள் அடித்துவிட வேண்டும்.

வீட்டுக்கு ஆளுயர வில் தேவையில்லை. முக்கால் மீட்டர் மூங்கிலை வளைத்து இறுக்கமாக நாண் கட்டுங்கள். ஒரு சின்ன மரக்கட்டையால் தட்டுங்கள். ஒரு தடவைக்கு ஒரு பிடி பஞ்சுக்கு மேல் வேண்டாம்.

---

செல்வி தையல் எழுதியது:

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. வில்லா சீப்பா என்று முடிவு செய்வதற்கு முன்னால் இன்னொரு சந்தேகம். கொட்டை எடுப்பதே பெரிய வேலையாக இருக்கிறது. நேற்று மாலை முழுக்க உட்கார்ந்தும் ஒரு சின்னக் கிண்ணம்தான் நிறைந்தது. விரல் நுனி எரிகிறது. ஒன்றரைக் கிலோவுக்கும் இப்படியே உட்கார வேண்டுமா? என் போர்வை அளவுக்கு எவ்வளவு பஞ்சு வேண்டும் என்றும் தெரியவில்லை.

---

கைராட்டை எழுதியது:

ஒன்றரைக் கிலோ பருத்தியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் பஞ்சு. மீதி எல்லாம் கொட்டையின் எடை. ஐந்நூறு கிராம் பஞ்சு கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீவும்போது தூசியும் முடிச்சுமாகக் கொஞ்சம் போகும்.

150க்கு 180 என்றால் 2.7 சதுர மீட்டர். மெல்லிய போர்வைக்குச் சதுர மீட்டருக்கு 130 கிராம் வைத்தால் மொத்தம் 350 கிராம் சொச்சம். உங்களிடம் இருப்பது தாராளம். ஆகவே கணுப்பட்டது, மஞ்சள் அடித்தது, புழு துளைத்த காயிலிருந்து வந்தது எல்லாவற்றையும் இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

கொட்டை எடுக்க ஒரு பழைய வழி உண்டு. வழவழப்பான மரப்பலகையில் பருத்தியை ஒற்றை அடுக்காக வைத்து, விரல் கனமுள்ள இரும்புக் கம்பியை மேலே வைத்து உருட்டுங்கள். கம்பி பஞ்சை முன்னால் இழுத்துக்கொண்டு போகும். கொட்டையால் அதன் கீழே நுழைய முடியாது, பின்பக்கம் துள்ளி விழும். இரண்டு உருளைகளுக்கு நடுவே பருத்தியை விட்டுக் கடையும் பொறியும் இதே தத்துவம்தான். வழுக்கையான கொட்டை உள்ள வகையில் இது அருமையாக வேலை செய்யும். பஞ்சை எடுத்த பிறகும் கொட்டை மேல் பச்சையாகவோ சாம்பலாகவோ ரோமம் ஒட்டி இருக்கிறதென்றால் விரல்தான் கதி. அந்த வகையில் கையால் பிய்த்தால் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் அரைக் கிலோவைத் தாண்டுவது கஷ்டம்.

---

செல்வி தையல் எழுதியது:

ரோமம் இருக்கிறது அக்கா. சரி, விரல்தான்.

---

குமரன்77 எழுதியது:

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். என்னிடம் பழைய மெத்தையிலிருந்து எடுத்த பஞ்சு நிறைய இருக்கிறது. இன்னொரு மூட்டையில் இலவம் பஞ்சும் இருக்கிறது. இரண்டையும் கலந்து இதே மாதிரி சீவிப் போர்வைக்கு வைக்கலாமா? இலவம் பஞ்சு லேசாக இருக்கிறதே, அதையே முழுக்க வைத்தால் என்ன?

---

தறிக்குறிப்பு எழுதியது:

குமரன், இலவம் பஞ்சு தலையணைக்குச் சரி, போர்வைக்கு வேண்டாம். காரணத்தைச் சொன்னால் செல்வியின் கேள்விக்கும் பாதி பதில் கிடைக்கும்.

பருத்தி இழை ஒவ்வொன்றும் கொட்டையின் தோலிலிருந்து நீண்டு வளர்ந்த ஒரே ஒரு செல். காய்க்குள் இருக்கும்போது உருண்டையான குழாய். காய் வெடித்து வெயில் பட்டதும் உள்ளிருக்கும் ஈரம் வற்றி, குழாய் அமுங்கி, நாடா போலத் தட்டையாகித் தன்னைத்தானே முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்குதான் நமக்குக் கிடைத்த பிடி. பக்கத்து இழையின் முறுக்கோடு கோத்துக்கொள்வதால்தான் பருத்தியை நூற்கவும் முடிகிறது, விரித்தால் ஒரு அடுக்காக நிற்கவும் செய்கிறது.

இலவம் இழை முறுக்குவதில்லை. உள்ளே காற்று நிறைந்த, மெழுகு பூசியது போன்ற வழவழப்பான குழாய் அது. லேசாக இருப்பதும் நீரில் மிதப்பதும் அதனால்தான். ஒன்றை ஒன்று பிடிக்காது, மடித்தால் ஒடியும். சீப்பில் வைத்தால் பறக்கும். போர்வையில் வைத்தால் ஒவ்வொரு ஊசித் துளை வழியாகவும் வெளியே வரும்.

கம்பளியோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பளி இழையின் மேல் செதில் இருக்கிறது. நனைத்துக் கசக்கினால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு கெட்டியான விரிப்பாகிவிடும். பருத்தியில் செதில் கிடையாது. அதை எவ்வளவு கசக்கினாலும் விரிப்பாகாது, கட்டிதான் ஆகும். எனவே பருத்தி அடுக்கை நிறுத்தி வைக்க வெளியிலிருந்து ஏதாவது ஒன்று வேண்டும். ஆலையில் முள்ளூசிகளால் குத்தி இழைகளை மேலும் கீழும் கோக்கிறார்கள், அல்லது பசை சேர்க்கிறார்கள், அல்லது நடுவில் மெல்லிய வலை வைக்கிறார்கள். கையால் செய்த பஞ்சில் இந்த மூன்றும் இல்லை. அந்த வேலை முழுவதையும் உங்கள் தையல்தான் செய்தாக வேண்டும். கைராட்டை முதலில் சொன்ன இரண்டாவது தப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

---

கைராட்டை எழுதியது:

அதேதான்.

---

பழைய வில் எழுதியது:

தம்பி குமரன், மெத்தைப் பஞ்சைப் பற்றி நான் சொல்கிறேன். பழைய பஞ்சை மறுபடி அடித்தால் எழும்பும், சந்தேகமில்லை. என் அப்பாவின் வேலையில் பாதிக்கு மேல் பழைய பஞ்சுதான். ஆனால் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் இழை கொஞ்சம் குட்டையாகிறது. ஒரு பிடி எடுத்து இரண்டு கையாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டர் போல நீண்டு வந்து பிரிந்தால் தெம்புள்ள பஞ்சு. இழுத்ததும் பொடியாக உதிர்ந்தால் அது போர்வைக்கு ஆகாது. நடுத்தரமாக இருந்தால் பாதிக்குப் பாதி புதுப் பஞ்சு கலந்து அடியுங்கள். பூசண வாடை அடித்தால் அடிக்கவே வேண்டாம், மண்ணில் போட்டுவிடுங்கள்.

---

மடிப்பு எழுதியது:

இந்தப் பேச்சைப் படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. நான் பழைய போர்வைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருப்பவள். ஒரு விஷயம் சேர்க்கிறேன்.

பழைய அமெரிக்கப் போர்வைகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே கொட்டைத் துகள்கள் கரும்புள்ளியாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் அது எலி விட்னி 1794-இல் காப்புரிமை பெற்ற பருத்திக் கொட்டை நீக்கும் இயந்திரத்துக்கும் முந்தையது என்று ரொம்ப நாளாக ஒரு நம்பிக்கை உண்டு. அது சரியல்ல. இயந்திரம் வந்து நூறு வருடத்துக்குப் பிறகு தைத்த போர்வைகளிலும் அந்தப் புள்ளிகள் இருக்கின்றன. இயந்திரம் கொட்டையை எடுத்தாலும் உடைந்த தோல் பஞ்சோடு வரும். அதைக் கையால் பொறுக்கி எடுக்க நேரம் இருந்தவர் எடுத்தார், இல்லாதவர் அப்படியே வைத்துத் தைத்தார்.

அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற இடத்தின் கறுப்பினப் பெண்கள் தைத்த போர்வைகள் இன்று பெரிய அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. அவர்களிடம் வில்லும் இல்லை, நல்ல பஞ்சும் பல நேரம் இல்லை. ஆலையில் தரையில் கிடந்த கழிவுப் பஞ்சைக் கூட்டி எடுத்து வந்து, குச்சியால் அடித்து அடித்துத் தூசியை உதிர்த்து, அதைத்தான் உள்ளே வைத்தார்கள். குச்சியால் அடிப்பதை மட்டமான வழி என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் போர்வைகளின் கீழ் பிள்ளைகள் குளிர்காலம் முழுக்கத் தூங்கியிருக்கிறார்கள்.

பசை பற்றித் தறிக்குறிப்பு சொன்னதற்கு ஒரு துணைச் செய்தி. 1846-இல் சின்சினாட்டியில் தொடங்கிய ஸ்டெர்ன்ஸ் அண்ட் ஃபாஸ்டர் நிறுவனம் பஞ்சு அடுக்கின் மேற்பரப்பில் மெல்லிய பசைப் பூச்சுக் கொடுத்து விற்றது. அடுக்கு கிழியாமல் பிரித்து விரிக்க அது உதவியது. வீட்டிலும் கஞ்சித் தண்ணீரை மிக நீர்த்துத் தெளித்துக் காயவைத்தால் அதே பலன் கொஞ்சம் கிடைக்கும்.

---

தறிக்குறிப்பு எழுதியது:

கஞ்சி வேண்டாம் என்பேன். கம்பளித் துணியை அரிக்கும் அந்துப்பூச்சி வெறும் பருத்தியைத் தொடாது. ஆனால் கஞ்சியைத் தேடி வெள்ளிமீன் பூச்சி வரும், பிறகு துணியையும் சேர்த்துத் தின்னும். அடுக்கைத் தூக்கி வைக்கத்தான் பிடி வேண்டுமென்றால் அடியிலும் மேலும் மெல்லிய மல் துணி வைத்து மூடிவிடுங்கள். நெருக்கமில்லாத மேல்துணியாக இருந்தால், பஞ்சு இழை துணி வழியாக வெளியே முளைப்பதையும் அது தடுக்கும்.

---

மடிப்பு எழுதியது:

ஆமாம், பூச்சியை நான் யோசிக்கவில்லை. கஞ்சி போட்டால் தைத்து முடித்ததும் ஒருமுறை அலசிவிட வேண்டும். மல் துணிதான் நல்லது.

---

தாதி நிலா எழுதியது:

எல்லோரும் அடிப்பதைப் பற்றியே எழுதுகிறீர்கள், மூச்சைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. பருத்தித் தூசியை வருடக்கணக்கில் சுவாசித்த ஆலைத் தொழிலாளர்களுக்கு வரும் நுரையீரல் நோய்க்கு பிஸினோசிஸ் என்று பெயர். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். வருடங்கள் போகப் போக அது எல்லா நாளும் ஆகிவிடும். ஒரு போர்வைக்காக நான்கு நாள் உட்காருபவருக்கு அந்த நோய் வராது. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு ஒரே நாள் போதும், இழுப்பு வந்துவிடும். சாதாரணத் துணியைக் கட்டிக்கொண்டால் நுண்தூசி நிற்காது. என்95 முகக்கவசம் போடுங்கள். அடிப்பதை வீட்டுக்கு வெளியே வையுங்கள். குழந்தையையும் உங்கள் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். முடிந்ததும் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

---

பழைய வில் எழுதியது:

தாதியம்மா சொல்வது உண்மை. அப்பா கடைசிப் பத்து வருடம் படுத்துத் தூங்கியதில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்கினார். அப்போது எங்களுக்கு அது தூசியால் என்று தெரியாது. கவசம் போடாமல் யாரும் அடிக்க வேண்டாம்.

---

செல்வி தையல் எழுதியது:

ஐயா, படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. கவசம் வாங்கிவிட்டேன்.

இன்னொன்று. கொட்டை எடுத்த பஞ்சை முதலில் துவைக்க வேண்டுமா? சோப்பில் அலசிக் காயவைத்து அப்புறம் சீவலாம் என்று நினைத்தேன்.

---

கைராட்டை எழுதியது:

துவைக்கவே கூடாது! நனைந்து காய்ந்த பச்சைப் பஞ்சு உள்ளங்கை அளவு கட்டிகளாக வரும். அதைப் பிரிக்க எடுக்கும் நேரத்தில் இன்னொரு போர்வைக்கே சீவிவிடலாம். தூசியை அடித்து எடுங்கள், இலைத்துகளைக் கையால் பொறுக்குங்கள்.

பச்சைப் பஞ்சின் மேல் இயற்கையாகவே மெல்லிய மெழுகு இருக்கிறது. ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு துளி பஞ்சைப் போட்டுப் பாருங்கள், மிதக்கும். மருந்துக்கடைப் பஞ்சைப் போடுங்கள், உடனே மூழ்கும், ஏனென்றால் அதில் மெழுகைக் காய்ச்சி எடுத்துவிட்டார்கள். அந்த மெழுகு இருப்பதால்தான் சீப்பில் இழை அறுபடாமல் வழுக்கிப் பிரிகிறது.

ஒன்றே ஒன்று, உடைந்த கொட்டைத் துண்டை விட்டுவிடாதீர்கள். அதில் எண்ணெய் இருக்கிறது. வெள்ளைத் துணியாக இருந்தால் சில மாதத்தில் பழுப்புப் புள்ளியாக மேலே வந்துவிடும்.

---

செல்வி தையல் எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். கொட்டை முழுக்க எடுத்தாகிவிட்டது. நல்ல பஞ்சு மட்டும் 470 கிராம்.

போர்வையில் கை வைக்கும் முன் சோதித்துப் பார்த்தேன். 30 சென்டிமீட்டர் சதுரம் நான்கு. இரண்டில் குச்சியால் அடித்த பஞ்சு, இரண்டில் சீவிய பஞ்சு. ஒவ்வொன்றிலும் 12 கிராம், சமையலறைத் தராசில் நிறுத்து வைத்தேன். ஒவ்வொரு வகையிலும் ஒன்றுக்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் ஓட்டுத்தையல், மற்றதற்கு 5 சென்டிமீட்டர். நான்கையும் மூன்று முறை துவைத்தேன்.

அடித்த பஞ்சு, 10 சென்டிமீட்டர்: ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பஞ்சு ஓரமாக ஒதுங்கி நடு காலியாகிவிட்டது. முதல் தடவை பார்த்த எலுமிச்சை இல்லை, நெல்லிக்காய்கள். அடித்த பஞ்சு, 5 சென்டிமீட்டர்: அசையவே இல்லை. தடவினால் மெத்தென்று, நான்கிலும் இதுதான் தடிப்பாக இருக்கிறது. சீவிய பஞ்சு, 10 சென்டிமீட்டர்: கட்டி இல்லை, ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் ஒரே திசையில் கோடு கோடாக மெலிந்திருக்கிறது. சீவிய பஞ்சு, 5 சென்டிமீட்டர்: நன்றாக இருக்கிறது, அடித்ததைவிடக் கொஞ்சம் தட்டை.

அந்தக் கோடு ஏன் விழுந்தது?

---

தறிக்குறிப்பு எழுதியது:

சீவிய துண்டுகளை எல்லாம் ஒரே திசையில் வைத்தீர்களா? சீப்பு இழைகளை இணையாகப் படுக்க வைக்கிறது. இழையின் நீளவாக்கில் இழுத்தால் தாங்கும், குறுக்கே இழுத்தால் பிளந்துகொள்ளும். அடுத்த அடுக்கைக் குறுக்காகத் திருப்பி வையுங்கள். அடித்த பஞ்சில் இழை எல்லாத் திசையிலும் கிடப்பதால் அந்தக் கோடு விழவில்லை. பிரியாத குஞ்சங்கள் மிச்சம் இருந்ததால் அகலமான கட்டத்தில் உருண்டது.

---

செல்வி தையல் எழுதியது:

ஆமாம், எல்லாம் ஒரே திசை. யோசிக்கவே இல்லை.

---

பழைய வில் எழுதியது:

அம்மா, உங்கள் நான்கு துண்டும் எனக்கும் ஒரு பாடம். வில்லடித்த பஞ்சுதான் போர்வைக்கு என்று முதலில் எழுதினேன். அப்பா பஞ்சு கொட்டியது பெரும்பாலும் மெத்தைக்கு. மெத்தையில் பஞ்சு கனமாக அடைபட்டிருக்கும், நகர இடம் கிடையாது. மெல்லிய போர்வை வேறு கணக்கு. அதில் எந்தக் கருவியால் பிரித்தோம் என்பதைவிட எவ்வளவு நெருக்கமாகத் தைத்தோம் என்பதே பெரிதாக நிற்கிறது. சீப்பிலேயே செய்யுங்கள். 5 சென்டிமீட்டரைத் தாண்டாதீர்கள்.

---

கைராட்டை எழுதியது:

பரப்புவதற்கு என் வழியைச் சொல்கிறேன். நிறுக்காமல் கண்மதிப்பில் பரப்பினால் நடுவில் தடிப்பும் ஓரத்தில் மெலிவும் கண்டிப்பாக வரும். கீழ்த்துணியைத் தரையில் இழுத்து விரித்து நான்கு பக்கமும் ஒட்டுங்கள். மேலே மல் துணி. 30 சென்டிமீட்டர் கட்டங்களாகச் சுண்ணக்கோடு போடுங்கள். குறுக்கே ஐந்து, நெடுக்கே ஆறு, முப்பது கட்டம். கட்டத்துக்கு 12 கிராம். அதை மூன்று மூன்று கிராமாக நான்கு துண்டாகச் சீவுங்கள்.

சீவிய துண்டு கட்டத்தைவிடச் சின்னதாக இருக்கும், அதனால் விரல்களால் மெல்ல விரித்து ஓரம் பக்கத்துக் கட்டத்தின் மேல் இரண்டு விரற்கடை ஏறும்படி வையுங்கள். முதல் அடுக்கு முழுப் போர்வைக்கும் நெடுக்காக. முடித்த பிறகு இரண்டாவது குறுக்காக. ஓடு வேய்வது போல, கீழே இருக்கும் சேர்க்கையின் மேல் மேலடுக்கின் நடு வர வேண்டும். மூன்றாவது மறுபடி நெடுக்கு, நான்காவது குறுக்கு. மொத்தம் நூற்றிருபது துண்டு. ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றால் ஆறு மணி நேரம். இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரவு மேலே ஒரு துணி போட்டு மூடுங்கள், காற்று பட்டால் ஓரம் சுருளும்.

ஓரத்தைக் கத்தரியால் வெட்டாதீர்கள். பிய்த்து விடுங்கள். வெட்டிய ஓரம் படியாகத் தெரியும், பிய்த்தது கரைந்து போகும்.

மூடியதும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீளத் தையல் போட்டு மூன்று அடுக்கையும் பிடியுங்கள். ஒரு கை அகலத்துக்கு ஒரு வரிசை. அப்புறம்தான் நிஜத் தையல், அதுவும் நடுவிலிருந்தே.

---

குமரன்77 எழுதியது:

ஓட்டுத்தையலுக்குப் பதிலாக அங்கங்கே முடிச்சுப் போட்டு விட்டால் நேரம் மிச்சம் இல்லையா?

---

கைராட்டை எழுதியது:

முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவில் பஞ்சு எல்லாப் பக்கமும் ஓடும். ஊசியால் குத்திய ஆலை விரிப்பு என்றால் தாங்கும். கைப்பஞ்சுக்கு வேண்டாம், தம்பி.

---

செல்வி தையல் எழுதியது:

ஏழு வாரம் ஆகிவிட்டது. போர்வை முடிந்தது.

பஞ்சு பரப்ப மூன்று நாள். 5 சென்டிமீட்டர் கட்டமாகத் தைக்க மீதி வாரங்கள். ஊசி பஞ்சுக்குள் போகிற விதத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கடைவிரிப்பில் தைத்தபோது ஒவ்வொரு குத்துக்கும் ஊசியைத் தள்ள வேண்டியிருந்தது. இதில் வெண்ணெய்க்குள் போவது போலத் தானாகப் போகிறது, ஒரே இழுப்பில் நான்கு தையல் எடுக்க முடிந்தது. இரண்டு இடத்தில் மட்டும் ஊசி ‘டிக்’ என்று நின்றது. உள்ளே கொட்டைத்தோல். ஊசி முனையாலேயே தையல் துளை வழியாகக் கிளப்பி எடுத்துவிட்டேன்.

மொத்தம் 380 கிராம் பஞ்சு உள்ளே போயிருக்கிறது. ஐயா, ஒரு ஓரத்தில் ஒரே ஒரு கட்டம் மட்டும் வில்லடித்த பஞ்சு. மூங்கிலை வளைத்து நீங்கள் சொன்னபடி நாண் கட்டி, வெயிலில் வைத்து எடுத்து அடித்தேன். முதலில் தொண்டை கட்டிய சத்தம்தான் வந்தது. இன்னும் ஒரு மணி நேரம் காயவைத்து அடித்தபோது பேசியது.

கடைசிக் கேள்வி. முதல் துவையல் எப்படி?

---

தறிக்குறிப்பு எழுதியது:

குளிர்ந்த நீர், குறைந்த சோப்பு, முக்கால் மணி ஊறல். அலசும்போது கசக்காமல் மேலும் கீழும் அமுக்கி விடுங்கள். பருத்தி இழை நனைந்தால் வலுவாகும், எனவே அறுந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். பிரச்சினை எடைதான். நீரை நிறையக் குடித்துக்கொள்ளும். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் அத்தனை பாரமும் மேல் வரிசைத் தையலில் தொங்கும். இரண்டு பேராகக் கீழே கை கொடுத்துத் தூக்குங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டுகளுக்கு நடுவே வைத்துச் சுருட்டி அமுக்குங்கள். கொடியில் போடாதீர்கள், தட்டையாக விரித்துக் காயவையுங்கள். முதல் தடவை நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு சுருங்கும், தையலுக்கு நடுவே சின்னச் சின்னதாக மேடு எழும். அது சுருக்கம்தான், பஞ்சு நகரவில்லை.

---

பழைய வில் எழுதியது:

காய்ந்த பிறகு இருபுறமும் திருப்பி வெயில் காட்டி, உள்ளங்கையால் லேசாகத் தட்டுங்கள். பஞ்சு மறுபடி எழும்பும். அம்மாவுக்குப் போர்த்தி விட்டதும் ஒரு வார்த்தை எழுதுங்கள்.

---

செல்வி தையல் எழுதியது:

துவைத்துக் காயவைத்தேன் ஐயா. மேடு எழுந்தது, கட்டி ஒன்றுகூட இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், முப்பது கட்டமும் ஒரே நிறம். நேற்று இரவு அம்மா போர்த்திக்கொண்டு, வில்லடித்த அந்த ஓரக் கட்டத்தை விரலால் தடவியபடி, “இந்த இடம் மட்டும் ஏன் கொஞ்சம் மெத்துன்னு இருக்கு?” என்று கேட்டார். உங்களைப் பற்றிச் சொன்னேன்.